பூசணிக்குக் கட்டிய வலை

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் மூடி வேண்டும். சன்னலுக்கு வலை, மூக்குக்குத் துணி, ரிமோட்டுக்குக்கூட உறை. என் மருமகள் ஒருபடி மேலே போய் மொட்டைமாடியில் இருக்கும் பூசணிக்கொடிக்கே வலை கட்டிவிட்டாள். துணி உலர்த்தப் போனவளைத் தேனீ கண்ணிமையில் கொட்டிவிட்டது. வீங்கிய கண்ணோடு தையல் கம்பெனிக்குப் போனவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்களாம்.

கொட்டியது தப்புதான். அதற்காக? கொடி நான் நட்டது. வலை கட்டியதிலிருந்து பூவடியில் இருக்கும் பிஞ்செல்லாம் மஞ்சளாகிச் சூம்பி, தொட்டாலே உதிர்ந்தது.

“வலையை அவுத்துவிடும்மா. ஆண்பூ மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோக ஈ வரணும்,” என்றேன்.

“அந்த வேலையை நானே பண்றேன் மாமா.”

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், பவுடர் பூசும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மூடிக்கிடந்த பூக்களைப் பிரித்துப் பிரித்துத் தடவினாள். ஒரு பிஞ்சும் நிற்கவில்லை.

“பூ விடியக்காலையில கடை திறந்து, வெயில் ஏறினா சாத்திடும். நீ சாயங்காலம் வந்து கதவைத் தட்டறே.”

“அதுக்கென்ன, உங்க பிள்ளை இருக்காரே.”

என் மகன் வாட்ச்மேன். இரவுக் காவல் முடிந்து விடியும்போதுதான் வீடு திரும்புவான். மறுநாள் சீருடையோடு, கையில் பிரஷ்ஷோடு வலைக்குள் குனிந்து நின்றான்.

“என்னடா, பூவுக்கு மேக்கப்பா?”

“சும்மா இருங்கப்பா. தேனீகிட்டகூடக் கொட்டு வாங்கிடலாம். இவகிட்ட முடியாது.”

ஒரு பிஞ்சு நின்றது. எலுமிச்சையளவு, பிறகு கைமுட்டியளவு. மருமகள் என்னை மேலே அழைத்துப்போய்க் காட்டினாள்.

“இப்ப என்ன சொல்றீங்க மாமா?”

நல்ல காய்தான். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர்த்தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“நாளைக்கு இவனுக்குக் காய்ச்சல் வந்தா?”

“நான் பண்றேன்.”

“உனக்கும் வந்தா?”

“ஏன் மாமா அபசகுனமா வாய் வைக்கிறீங்க?”

“ஈக்கு யாரும் ஆள் அனுப்பல. தன் பசிக்கு வந்துச்சு, நமக்குக் காய் கிடைச்சுது. இப்ப அது பட்டினி, இவன் தூக்கம் கெட்டவன். இதுக்குப் பேரு ஜெயிப்பா?”

“ஒத்துக்கவே மாட்டீங்களே.”

“மாட்டேன்.”

“சரி, சமைச்சா சாப்பிடுவீங்கல்ல?”

வலையின் வெளிப்பக்கம் ஒரு தேனீ முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சாப்பிடுவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.