எட்டு மணித் தாள்

எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்க, மகள் பின்னறையில் அவருடைய நிலநடுக்கக் கருவியின் உருளையிலிருந்து நேற்றைய தாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ஒருநாள் அதை நிறுத்தினா குடி முழுகிப் போயிடுமா?” வாசலில் அப்பாவின் தங்கை.

“குடி முழுகிடக் கூடாதுன்னுதானே அத்தை இதையே கட்டிக்கிட்டு அழுதார்!”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

நிலநடுக்க ஆய்வு மையத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா அந்தப் பழைய கருவியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தரை அசைந்தால் பேனா அசையும். தினமும் எட்டு மணிக்குப் புதுத் தாள். மாதம் ஒருமுறை எல்லாம் மையத்துக்குப் போகும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள் விட்டதில்லை. “எந்த நாள் வரும்னு எவனாலயும் சொல்ல முடியாது. எங்கே வரும், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்னு ஓரளவு சொல்லலாம். அதுக்குக் கணக்குல ஓட்டை விழக் கூடாது” என்பார். அவர் சாவும் சொல்லிக்கொண்டு வரவில்லை. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. எண்பத்திரண்டு வயது, ஆசைப்பட்ட வேலையைக் கடைசி நாள்வரை பார்த்த மனிதர். அவளுக்கு அழுகை வந்தது; குறை எதுவும் தோன்றவில்லை.

கருவிக்குப் பூமி குலுங்குவதும் வீட்டில் நாலு பேர் நடப்பதும் ஒன்றுதான். அதனால் வீட்டு அதிர்வுகளைப் பென்சிலால் வட்டமிட்டு ஓரத்தில் காரணம் எழுதுவார். ‘லாரி.’ ‘வாஷிங் மெஷின்.’ ‘மனைவி, கோபம்.’ இதற்காகவே அம்மா கதவை இன்னும் பலமாகச் சாத்துவாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன நாளின் தாளில், பெட்டிகளை இழுத்த கிறுக்கலுக்குப் பக்கத்தில், ‘மகள் கிளம்பினாள்’ என்று இருந்தது. அந்தத் தாளை மட்டும் அவர் மையத்துக்கு அனுப்பவில்லை.

புதுத் தாளைச் சுற்றிப் பேனாவை இறக்கினாள். பத்து மணிக்கு அப்பாவைத் தூக்கினார்கள்.

மறுநாள் எட்டு மணிக்குப் புதுத் தாளை மாட்டிவிட்டு, கழற்றியதை மேசையில் விரித்தாள். பத்து மணிக்கு நேரே பேனா தாறுமாறாக ஓடியிருந்தது. பின்னால் அம்மா வந்து நின்றாள்.

“எழுதிடு. பாவம், மையத்துல பூகம்பம்னு நினைச்சிடப் போறாங்க.”

மகள் வட்டமிட்டாள். ‘அப்பா கிளம்பினார்’ என்று எழுதினாள்.

அம்மா அதைப் படித்தாள். வெளியே போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். உருளையிலிருந்த புதுத் தாளில் பேனா துள்ளியது. மகள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.