மூன்று ஸ்பூன் உப்பு

என் மகனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. எண்கள் திரும்பவில்லை. தராசில் 18 என்று காட்டினால், மாவில் விழுந்த பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். எங்கள் பேக்கரியில் என் தகப்பனார் காலத்திலிருந்தே எல்லாம் கிராம் கணக்குதான். கண்ணளவு, கையளவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பூட்டிய கடையைப் பார்த்துக் கேட்டவர்களிடம், அவன் வெளியூரில் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். எங்கள் வீட்டு நோய் தெருவுக்குத் தேவையில்லை.

மருமகளின் அண்ணன், கடையை வேறு ஆளிடம் விட்டுவிடச் சொன்னான்.

"சனிக்கிழமை வா. பக்கத்துல யாரும் நிக்காம அவனே மாவு பிசைவான். இல்லேன்னா சாவி உன் கையில" என்றேன். யாரும் கேட்காத நிபந்தனையை நானே போட்டுக்கொண்டேன்.

"எடையை எல்லாம் ஸ்பூனுக்கு மாத்திடலாம் மாமா" என்றாள் மருமகள்.

"ஸ்பூனா? நம்ம கடையிலயா?"

"கௌரவத்தைக் கொஞ்ச நாள் பரண்ல போடுங்க. அப்புறம் நானே இறக்கித் தரேன்."

அவளுக்கு வாய் அதிகம். ஆனால் எட்டு மாதமாக அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் அவள்தான். கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஒரே ஸ்பூன்தான். கத்தியால் தலைதட்டி நிறுத்தால் உப்பு ஆறு கிராம், சர்க்கரை நான்கு, ஈஸ்ட் மூன்று. ஒவ்வொன்றையும் பத்து முறை நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ மாவுப் பையை அப்படியே கொட்டிவிடலாம். அதற்கு உப்பு மூன்று ஸ்பூன், ஈஸ்ட் மூன்று, சர்க்கரை பன்னிரண்டு.

மூன்றும் எண்தானே? அதற்கும் வழி கண்டேன். உப்பு டப்பாவின் முன் மூன்று ஸ்பூன்களை வரிசையாக வைத்தேன். ஒன்றால் ஒரு முறைதான் அள்ள வேண்டும். அள்ளி முடித்த ஸ்பூனைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட வேண்டும். வரிசை தீர்ந்தால் உப்பு முடிந்தது.

"உங்களுக்கு மூளை இருக்குன்னு அத்தை சொன்னப்ப நான் நம்பலை மாமா" என்று மருமகள் சிரித்தாள். எங்கள் வீட்டில் வெகுநாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

சனிக்கிழமை அவள் அண்ணன் வந்தான். மகன் மாவைக் கொட்டினான். முதல் ஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டான். பிறகு ஸ்பூனைக் குழாயடியில் கழுவி, துணியில் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. வரிசை குறையவில்லை.

"தொட்டியில போடுடா."

"சரிப்பா."

போட்டான். உடனே எடுத்துக் கழுவி, துடைத்து, வரிசையில் வைத்தான்.

மருமகள் ஒரு ஸ்பூனைக் கைக்குள் மறைத்தாள். அவன் வேறெதையும் தொடாமல் அதையே தேடினான். மேசைக்கடியிலும் குனிந்து பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கழுவாத ஸ்பூன் ஒன்றுக்காக எல்லார் முன்னாலும் அவனை அறைந்தேன். எடுத்ததைக் கழுவி எடுத்த இடத்தில் வை என்றேன். தன் மகளின் வயதை மறந்தவன் இதை மறக்கவில்லை.

"நான் ஒண்ணும் கேக்கலை மாமா" என்றான் அவள் அண்ணன்.

சாவியை ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். மகன் அதைப் பார்த்தான். எடுத்துத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு உப்பு டப்பாவிடம் போனான்.

இரண்டாம் முறையும் நான்தான் கழற்றினேன்.