சஹனில் ஒரு கை

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் அஜீஸுன்னிசா வீடியோவைப் பார்க்க வந்துவிடுவார். மகளுடைய கல்யாண வீடியோவில் தன் முகம் ஒரு நொடி தெரிந்தாலும் பெண்கள் பக்கம் எடுத்த மொத்தத்தையும் அழித்துவிட வேண்டும் என்பது அவர் பேச்சு. திண்டுக்கல் பேகம்பூரில் பெண்கள் கூட்டத்தை வீடியோ எடுக்க நஸீராவைத்தான் கூப்பிடுவார்கள். இப்படிப்பட்ட நிபந்தனை அவளுக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இந்த முறை கல்யாணப் பெண் ஃபர்ஹீன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு மஸ்கட் போகிறவள் போனில் சொன்னாள்.

“முகம் இல்லாட்டிப் பரவால்லக்கா. ஆனா எங்கம்மா அதுல இருக்கணும்.”

என்ன கூத்து இது! முகமில்லாமல் அம்மாவை எங்கே போய்ப் பிடிப்பது? நஸீரா காலையிலிருந்து வெட்டிக்கொண்டே இருந்தாள். மிஞ்சியது மருதாணிக் கை, செருப்புக் குவியல், மல்லிகைச் சரம். பார்த்தால் துணிக்கடை விளம்பரம் மாதிரி இருந்தது.

கடைசியில் பதினெட்டு நிமிடத்துக்கு ஒரு துண்டு கிடந்தது. கல்யாணத்தன்று சாப்பிட உட்கார்ந்தவள் கேமராவை அணைக்க மறந்து பக்கத்தில் பைமேல் வைத்துவிட்டாள். பிரியாணி வாசம் அடித்தால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? வழக்கமாகப் பார்க்காமலே அழித்துவிடுகிற சமாச்சாரம். அப்படி என்னதான் பதிந்திருக்கிறது, பார்ப்போமே என்று இன்றைக்கு ஓடவிட்டாள்.

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டு. அதில் நாலு கை. வேறொன்றும் தெரியவில்லை. பச்சைக்கல் மோதிரம் போட்டது அஜீஸுன்னிசாவின் கை. அது எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து ஃபர்ஹீன் பக்கம் தள்ளியது. ஃபர்ஹீனின் மருதாணிக் கை அதை அம்மா பக்கமே திருப்பித் தள்ளியது. மோதிரக் கை மகளின் விரலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கறியை மறுபடி நகர்த்தியது. கடைசித் துண்டு தட்டின் நடுவில் அப்படியே கிடந்தது.

நஸீரா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வீடியோவில் போட்டிருந்த சினிமாப் பாட்டை நீக்கினாள். பறக்கும் இதயங்களை நீக்கினாள். நீக்க நீக்க அந்தக் கை பெரிதாகிக்கொண்டே வந்தது. இதே மாதிரி அதையும் வெட்டினால் என்ன என்று சட்டென்று பொறி தட்ட, பத்து வருடமாக ஒளித்து வைத்திருக்கும் கவிதை நோட்டைப் பிரித்தாள். இறந்துபோன தன் அம்மாவைப் பற்றி நாற்பது வரி. அடேயப்பா, அதில் எத்தனை நிலா! நிலாவைப் பேனாவால் அடித்தாள். கடலை அடித்தாள், திண்டுக்கல்லில் ஏது கடல்? எல்லாம் போய் இரண்டு வரி நின்றது.

சாப்பிட்டாயா என்று கேட்பாள்;
பதில் வருமுன் தட்டில் சோறு விழுந்திருக்கும்.

அம்மா வந்துவிட்டாளே! நஸீரா தனியாக உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். இத்தனை வருடம் இந்த அம்மாவை நிலாவால் மூடி வைத்திருந்தது அவளேதான்.

அஜீஸுன்னிசா வந்தபோது அந்தச் சந்தோஷம் பயமாகிவிட்டது. கையும் கூடாது என்று சொல்லிவிட்டால்?

“மாமி, முகம் எங்கயும் இல்ல. கை மட்டுந்தான். வேணாம்னா இப்பவே அழிச்சுர்றேன்.”

படம் ஓடி முடிந்தது.

“நா இப்புடியா செஞ்சேன்?” என்றார் அஜீஸுன்னிசா. “இன்னொருக்கா போடும்மா.”

நஸீரா போட்டாள். அவர் இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. புர்காவுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்து, அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.