குரல் வராவிட்டால் பச்சை

அந்த அட்டை போன வருடம் அங்கே இல்லை, நிச்சயமாக இல்லை, கண்ணாடி முழுக்கக் கண்ணாடியாகத்தான் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் சிஸ்டரின் இடது தோள் தெரிந்தது, எனக்கு அந்தத் தோள் போதும்… இப்போது பார்த்தால் பழுப்பு அட்டை ஒன்றை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் கேட்டேன், இது எதுக்கு சிஸ்டர் என்று. "மேல இருந்து வந்து பார்த்தாங்கண்ணே, டெஸ்டுக்கு வர்றவங்க என்னைப் பார்க்கக் கூடாதாம், இத்தனை வருஷமா நான் தப்பான இடத்துல உக்கார்ந்திருக்கேனாம்" என்றாள். பிறகு சிவப்பு வலது காது, நீலம் இடது காது, சத்தம் கேட்டால் அமுக்குங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள் என்று வருடா வருடம் சொல்வதை இன்னொரு முறை சொல்லி, ஹெட்போனை என் தலையில் மாட்டி, கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். ஐஸ் கிடங்குக் கதவு மாதிரி கனமான கதவு. உள்ளே ஒரு ஸ்டூல், துளைத்துளையாகத் தகரச் சுவர், வயர் போட்ட ஒரு பட்டன், நான். ஆலையில் வேலை செய்கிற எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவை இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து காதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும், தாதுக்கல்லை அரைக்கிற மில்லில் நிற்கிற நான் கட்டாயம் வர வேண்டும். இருபது நிமிடம். தோள் இல்லாமல் இருபது நிமிடத்தை என்ன செய்வது?

வந்துவிட்டது, கும் என்று, அடிவயிற்றிலிருந்து கிளம்புகிற மாதிரி… அமுக்கினேன். இது கேட்கும். கனத்த சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும், மில்லும் இந்த ரகம்தான், இரண்டு ஆள் உயர இரும்பு உருளை, உள்ளே ஆயிரக்கணக்கில் இரும்புக் குண்டுகள், கல்லும் தண்ணீரும் அவற்றோடு சேர்ந்து உருண்டு உருண்டு மாவாகும். இங்கிலீஷில் இதற்குப் பால் மில் என்று பெயர், பால் மில்லில் வேலை என்று முதலில் எழுதியபோது, தினமும் நல்ல பால் கிடைக்கும், உடம்பு தேறும் என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். பதினாலு வருடம். கல் குறைந்தால் குண்டும் குண்டும் மோதிக் கத்தும், கல் கூடினால் தொண்டை அடைத்த மாதிரி ஆகிவிடும், கண்ட்ரோல் ரூம் மீட்டர் காட்டுவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன், பாம்புக்காது என்பார்கள். காதா அது? உள்ளங்கால். தரையில் நின்றால் காலுக்குத் தெரியும்… இன்னொரு கும், கொஞ்சம் மெல்லிசாக, அமுக்கினேன். அடுத்தது வரும். சிஸ்டர் வலது கையால் திருகுவாள், இடது கையால் அமுக்குவாள், அமுக்கும்போது இடது தோள் ஒரு நூல் இறங்கும், இரண்டு வருடமாக நான் அந்தத் தோளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் வயசானா காது மங்கும், உங்களுக்கு மட்டும் இளசாகுதேண்ணே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன செய்திருக்க வேண்டும், அழுதிருக்க வேண்டுமா?

இப்போது ஒன்றும் வரவில்லை. வரவில்லையா, வந்து எனக்குத் தெரியவில்லையா? உள்ளே ஒரு ரீங்காரம் இருக்கிறது, அது பெட்டியினுடையது இல்லை, என்னுடையது, படுத்தாலும் எழுந்தாலும் கூடவே இருக்கும், அதை விலக்கிவிட்டுப் பார்த்தால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியும், விலக்க முடிந்தால். மெல்லிசான சத்தங்கள்தான் முதலில் போகும் என்று சிஸ்டர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள், குருவி, விசில், குழந்தைகள். என் மகளுக்கு ஒன்பது வயது. போனில் பேசினால் காற்றுதான் வரும், நான் ம்ம் போட்டுக்கொண்டே இருப்பேன், இடையிடையே நல்லதுடா கண்ணு என்பேன். அவள் ஒரு நாள் என்னைச் சோதித்துவிட்டாள். "அப்பா, ஸ்கூலுக்குத் தீ வச்சுட்டேன்" என்றாளாம். "நல்லதுடா கண்ணு, இப்படியே நல்லாப் படி" என்றேனாம். மனைவி போனைப் பிடுங்கினாள், அவள் குரல் கனத்த குரல், முழுசாகக் கேட்டது: "உங்களுக்கு எங்க மேல கவனமே இல்ல. தூரமாப் போனா மனசும் தூரமாப் போயிடுமா?" நான் லைன் சரியில்லை என்று சொன்னேன். லைன் மேல் பழி போட்டால் லைன் எழுந்து வந்து சண்டை பிடிக்காது. கவனமில்லாத அப்பா என்று இருந்துவிட்டுப் போகிறேன், செவிட்டு அப்பா என்றால் வேலை போய்விட்டதா என்று அடுத்த கேள்வி வரும்.

கும். அமுக்கினேன். இது இடது காது போல, நீலம். வலது காது எப்போது முடிந்தது? அந்தக் காதில் எத்தனை சத்தம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின? ஃபிட்டர் இருந்தால் இதற்கு ஒன்று சொல்வான். ஃபிட்டர் என் அறையில்தான் இருக்கிறான், எதிர்க் கட்டில், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், எனக்கு ஸ்பீக்கர் என்று பெயர் வைத்தவன் அவன்தான், நான் பேசினால் சுவர் அதிரும் என்று. "ஸ்பீக்கர் அண்ணே, கொஞ்சம் மெதுவா, பக்கத்து ஆலைக்காரன் பதில் சொல்றான்" என்பான். "உங்க அலாரம் அடிச்சா இந்த வரிசை முழுக்க எந்திரிக்குது, நீங்க மட்டும் தூங்குறீங்க" என்பான். எனக்குக் குரல் வளம் அதிகம் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். அவன் குரல் நேர்மாறு, மெல்லிய குரல், மில் எவ்வளவு உறுமினாலும் அதற்கு மேல் கம்பி மாதிரி தனியாக வரும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதனால்தான் மில்லுக்குக் கல் கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் அவனை அனுப்புவார்கள். எழுதி வைத்த முறை வேறு, பெல்ட்டுக்கு அடியில் போகிறவன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பூட்டு ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர்க்காரன் எங்கே இருக்கிறான் என்று ஸ்டோர்க்காரனுக்கே தெரியாது. இரண்டு நிமிட வேலைக்கு யார் போவார்கள்? எங்கள் முறை இதுதான்: வேலை முடிந்திருக்கும் என்று தோன்றினால் ஆபரேட்டர் சைரன் அடிப்பான், பத்து வரை எண்ணுவான், அடியில் ஆள் இருந்தால் "இரு" என்று கத்துவான், குரல் வராவிட்டால் பச்சை பட்டன். சூப்பர்வைசரும் அப்படித்தான் செய்வார். பதினாலு வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேட்டில் ஒரு பலகை இருக்கிறது, விபத்தில்லாத நாட்கள் என்று, இன்று காலை அதில் இருபத்து மூன்று, அதனால் நான் தனியாக நாள் எண்ண வேண்டியதில்லை. அன்றைக்குக் கல் அடைத்துக்கொண்டது, பெல்ட்டை நிறுத்தினேன், ஃபிட்டர் அடியில் போனான், சைரன் அடித்தேன், எண்ணினேன். ஒன்பது, பத்து. பச்சை. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும், ஃபிட்டருக்கு எந்த விரல் வேண்டுமோ அந்த விரல்கள். நாலாம் நாள் சேஃப்டி சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார், நல்ல மனுஷன், முதலில் தண்ணீர் கொடுத்தார். "அவன் மூணு தடவ கத்தினேன்னு சொல்றான். இரு இரு இருன்னு. உங்களுக்குக் கேட்டுச்சா?" கேக்கல சார் என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க டெஸ்ட் ரிப்போர்ட் இந்தா இருக்கு, இந்த ஆலையிலேயே நல்ல காது உங்களுதுதான்." நல்லா யோசித்தேன். கேக்கல சார் என்றேன், அது உண்மை, நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்: பூட்டுப் போடவில்லை, சைரனுக்குப் பிறகு குரல் கொடுக்கவில்லை, ஆபரேட்டர் பத்து விநாடி காத்திருந்தார், காரணம் ஃபிட்டரின் கவனக்குறைவு. நான் சொன்னது கேட்கவில்லை என்று, தாளில் இருந்தது குரல் கொடுக்கவில்லை என்று, அடியில் இருந்தது என் கையெழுத்து. இதற்கும் அதற்கும் நடுவில் இருந்த பாலம் என் காது ரிப்போர்ட். வியாழக்கிழமை அவனை ஊருக்கு அனுப்புகிறார்கள், கவனக்குறைவு என்கிற அந்த ஒரு வார்த்தையோடு, அதைப் பார்த்தால் வேறு எந்த ஆலையும் அவனைக் கேட்டுக்குள் விடாது. இன்று செவ்வாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டுகிறான், ஓரக்கண்ணில் தெரியும், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன், சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொள்வேன். திட்டினால்கூடத் தேவலை.

அமுக்கிவிட்டேன். ஒன்றும் கேட்காமலேயே அமுக்கிவிட்டேன், கட்டைவிரல் தானாகப் போய்விட்டது. சிஸ்டருக்கு ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று விநாடி, சில சமயம் நாலு, தோள் இல்லாவிட்டாலும் எண்ணியே சமாளிக்கலாம் போலிருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு, ஒன்று, இரண்டு… இதே கட்டைவிரல். பச்சையை அமுக்கியதும் இதுதான், எண்ணி முடித்துவிட்டு அமுக்கியதும் இப்படித்தான். அன்றைக்கு எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? மற்ற நாட்களில் சைரன் அடித்துவிட்டு பெல்ட்டுக்கு அடியில் குனிந்து அவன் முகத்தைப் பார்ப்பேன், வாய் அசைந்தால் நிறுத்திக்கொள்வேன், வாய் சும்மா இருந்தால் பச்சை. முந்தின நாள்தான் தூசி வெளியே வராமல் இருக்கப் பாதுகாப்புக்கென்று பெல்ட்டுக்கு முன்னால் ரப்பர் படுதா ஒன்றைத் தொங்கவிட்டார்கள். படுதாவைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன், கறுப்பு ரப்பர், கீழ் ஓரத்தில் சாக்பீஸில் ஏதோ அளவு எழுதியிருந்தது. காது கேட்கிறவன் எதற்குக் குனிந்து வாயைப் பார்க்கிறான்? குனிய ஆரம்பித்தது எந்த வருடம்? அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது, படுதா தொங்கிய அன்றைக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே பத்து வரை எண்ணியிருக்கிறேன்… பட்டனைத் தொடையின் மேல் வைத்தேன். கட்டைவிரலை மடக்கி உள்ளே வைத்துக்கொண்டேன். ரீங்காரம். அதற்கு அந்தப் பக்கம் என்னென்ன வந்து போகிறதோ, போகட்டும்.

கதவு திறந்தது. "என்னண்ணே, தூங்கிட்டீங்களா? மேல்பக்கம், கீச்சுச் சத்தம் வர்ற இடம், முழுக்கக் காலியா இருக்கு. மெஷின் கோளாறான்னு இன்னொரு ஹெட்போனை நானே மாட்டிப் பார்த்துட்டேன், எனக்குக் கீகீன்னு கத்துது." அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கேக்கல சிஸ்டர்." சளி பிடித்திருக்கிறதா, அடுத்த வாரம் வருகிறீர்களா என்றாள். அடுத்த வாரம் என்றால் வியாழக்கிழமை தாண்டியிருக்கும், சரி என்று சொல்வது சுலபம், வாய்வரை வந்துவிட்டது. "சளி இல்ல. போன வருஷமும் கேக்கல. உங்க தோளைப் பார்த்து அமுக்கினேன்." அவள் குனிந்து தன் தோளைப் பார்த்துக்கொண்டாள், ஏதோ கறை பட்டிருக்கிற மாதிரி. "என் தோளையா? அடப்பாவி மனுஷா!" அதையும் எழுதிடுங்க என்றேன். "தோளை எங்கண்ணே எழுதுறது, அதுக்கு இதுல கட்டமே இல்லையே." கேக்கலைன்னு எழுதுங்க, கேக்கலைன்னு மட்டும், வேற எதுவும் மாத்திடாதீங்க என்றேன், சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், வெளியே பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த இருவர் எட்டிப் பார்த்தார்கள். "இது சேஃப்டி சார்கிட்ட போகும், தெரியும்ல? அப்புறம் உங்களை மில்லுப் பக்கம் விட மாட்டாங்க." தெரியும், எப்போ போகும் என்றேன். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகத்தான் அனுப்புவாளாம். இன்னிக்கே வேணும் சிஸ்டர், வியாழக்கிழமைக்கு முன்னாடி அவர் பார்க்கணும் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, ஆலை சின்னது, இரண்டு விரல் போன கதை தெரியாதவர்கள் கிடையாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினாள், பேனாவைத் தேடிக்கொண்டே ஏதோ சொன்னாள், கன்னம் மட்டும் அசைவது தெரிந்தது, சரி என்றாளா, முடியாது என்றாளா… முதுகு காட்டிப் பேசினால் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆள் சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். முகத்தைப் பார்த்தால்தான் உண்டு. இத்தனை நாளாக ஃபிட்டர் என்னோடு பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த இருபத்து மூன்று நாளில் நான் அவன் முகத்தை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லையே.