பெட்டிக்குள் இருப்பவர்கள்

"இந்தப் பெட்டிக்குள்ள இத்தனை பேர் இருக்காங்களே, அவங்களுக்கு மூச்சு முட்டாதா?"

ஆறு வயதில் அவள் கேட்ட கேள்வி அது. கடைக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பட்டியலை உருவாக்கிக்கொண்டிருந்த டெஸ்டர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. முட்டாமல் பார்த்துக்கொள்ளத்தானே நாங்கள் இருக்கிறோம் என்றார். அன்று முதல் அவளை 'மூச்சு' என்றே கூப்பிட்டார்.

அதே டெஸ்டர் மாமா இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஐந்து வருடம் கழித்து இந்தப் படியேறுகிறார். சட்டைப் பையில் அந்தப் பழைய டெஸ்டர் அப்படியே இருந்தது. இல்லாத கரண்டையும் தொட்டுப் பார்க்கிற மனுஷன் என்று அப்பா கேலியாக வைத்த பெயர், சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது.

கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நேற்று மாலை ஒரு வீட்டுக்குக் கிளம்பச் செருப்பு மாட்டக் குனிந்தவர், பிறகு நிமிரவில்லை. அண்ணன் வந்து சேர மதியம் ஆகும். நான்கு மணிக்கு எடுப்பதாக இருந்தது.

மாமா பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். கண்ணைத் துடைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கடை கம்ப்யூட்டர் ஓடுதாம்மா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அழுது சிவந்த கண்ணில் அழுகை நின்றுபோயிருந்தது. மகளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"எரியற வீட்டுல பிடுங்கின வரைக்கும் லாபம்னு வந்திருக்கான். கடைக்குள்ள விடாத."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டில் வைத்து ஆக்ஸிஜன் எடுக்கிறவர்களுக்கு மெஷின் கொடுத்து, வடிகட்டி மாற்றி, பழுது பார்க்கிற கடை அது. வீட்டின் முன்னறைதான் கடை. ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரே மாதத்தில் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் பெரிய கடை ஒன்றுக்குப் போய்விட்டார்கள். யார் வீட்டில் எந்த மெஷின், எப்போது வடிகட்டி மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? பட்டியல் அப்பாவிடமும், கடையில் கூடவே வேலை பார்த்த டெஸ்டர் மாமாவிடமும்தான் இருந்தது. அப்பா கேட்கக் கூடாத வார்த்தையில் கேட்டார். மாமா சொல்லக் கூடாத வார்த்தையில் பதில் சொன்னார். மறுவாரமே அந்தப் பெரிய கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று அம்மா அன்றே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அப்போது கடையில் தொலைபேசி அடித்தது. எண்ணைக் காட்டாத பழைய கருவி. ஓடிப்போய் எடுத்தாள். ஒரு பெண்குரல், நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நின்று நின்று வந்தது.

"சார் நேத்தே வரேன்னாரு... மெஷின் கத்திட்டே இருக்கு..."

யார் பேசுறது, எந்த வீடு என்று அவள் கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. கடையின் வாசற்படிக்கு வந்து நின்றிருந்த மாமாவைப் பார்த்தாள்.

"வாங்க மாமா" என்றாள்.

பக்கத்திலேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவருடைய கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

கம்ப்யூட்டர் முனகி முனகி உயிர் பெற்றது. வாடிக்கையாளர் கோப்பைத் தட்டியதும் கடவுச்சொல் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. அப்பா அம்மா கல்யாண நாள், அண்ணன் பெயர், அவள் பிறந்த நாள், ஸ்கூட்டர் எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கட்டம் அசையவில்லை.

மாமா தோள்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "ரொம்பப் பழைய ஃபைல்மா இது. பூட்டு பெருசு, கதவு தகரம். கடவுச்சொல்ல உருவி எடுக்கற சின்ன புரோகிராம் ஒண்ணு என் வீட்டு லேப்டாப்ல இருக்கு. இதுல காப்பி போட்டுக் குடு. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

இதற்குத்தானா வந்தீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. பன்னிரண்டு பேரை எடுத்தது போதாமல் மீதியையும் ஒரு விரற்கடை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போகத்தானா?

"ஃபைல் இங்கேருந்து எங்கயும் போகாது மாமா."

அவர் அவளையே பார்த்தார். முகம் ஒரு கணம் சுருங்கியது. பென்டிரைவின் மூடியை மாட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரிதான். நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும், அழுகை ஒரு சுற்று உயர்ந்து அடங்கியது. அவள் கேட்டாள்: "முதல் முதல்ல நீங்க என்ன கடவுச்சொல் போட்டீங்க?"

"அதெல்லாம் அன்னிக்கே மாத்தியிருப்பாரு. திருடன்னு சொல்லி அனுப்பினவரு, திருடன் செஞ்ச சாவியையா வெச்சிருப்பாரு?"

"போட்டுப் பாருங்க."

மாமா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. விரலையே கவனித்தாள், சந்தேகம் அவளை அப்படி உட்கார்த்தியிருந்தது. ஆறு ஆங்கில எழுத்துகள். மூன்றாவது எழுத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி ஐந்து வருடமாக யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

கட்டம் மறைந்து கோப்பு திறந்தது.

மாமா விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்க மறந்துபோய் அப்படியே வைத்திருந்தார். சந்தேகப்பட்ட மனிதர் முதலில் பூட்டைத்தானே மாற்றுவார்? அப்பா மாற்றவில்லை. வாயால் துரத்தியவர் கையால் கதவைச் சாத்தவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு இனி அவர் இல்லை.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு 'இந்த வாரம் போக வேண்டியவை' என்ற பொத்தானைத் தட்டினார். திரையில் வெற்றுத் தாள் வந்தது. ஒரு பெயர்கூட இல்லை.

அவளுக்குள் இளகத் தொடங்கியிருந்தது சட்டென்று மீண்டும் இறுகியது. ஒரு வாரம் முழுக்க ஒருவர்கூட இல்லாமல் இருக்குமா? நேற்று அப்பா கிளம்பியது எங்கே? கண்ணிமைக்கும் நேரத்தில் இந்த மனிதர் எதையாவது அழித்துவிட்டாரா?

"என்ன மாமா பண்ணீங்க?"

அந்தக் குரலில் இருந்தது அவருக்குப் புரிந்தது. திரையின் கீழ்மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே அவள் பள்ளிக்கூடம் போன காலத்துத் தேதி ஒன்று நின்றது, ஜனவரி ஒன்று.

"நேத்து இதோட பிளக்கை யாராவது பிடுங்கினீங்களா?"

குளிர்பெட்டியின் கறுப்பு வயர் கூடத்திலிருந்து நீண்டு வந்து, கம்ப்யூட்டரின் பிளக் இருந்த இடத்தில் செருகப்பட்டிருந்தது. கம்ப்யூட்டரை வேறோர் இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

"உள்ள இருக்கற சின்ன பேட்டரி செத்து வருஷக்கணக்காச்சு. கரண்டு போனா இது பழைய காலத்துக்குப் போயிடும். மாத்துங்கண்ணேன்னு நான் இருக்கும்போதே சொன்னேன். ஊரார் மெஷினுக்கெல்லாம் பேட்டரி பாத்தவரு, இதுக்கு மட்டும் நாளைக்கு நாளைக்குன்னாரு."

காலையில் எழுந்ததும் அப்பா காலண்டரை ஒரு முறை, திரையை ஒரு முறை பார்த்து எதையோ தட்டுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. சிலர் விளக்கேற்றிக் கும்பிடுவதுபோல அதையும் ஒரு வழிபாடு என்று நினைத்திருந்தாள். எழுந்து காலண்டரைப் பார்த்து இன்றைய தேதியைப் படித்தாள். மாமா அதைப் போட்டார். வெற்றுத் தாளில் ஒன்பது பெயர்கள் வந்து இறங்கின.

மாமா கிழித்த காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு எழுதத் தயாரானார். கண்ணாடியை எடுத்து வரவில்லை, நீயே படி என்றார். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படித்தாள். மேட்டுத்தெரு தையல்கார அம்மா. நேற்றுத் தேதி. அருகில் 'தனியாக இருக்கிறார், முதலில் போகவும்' என்று அப்பா எழுதிவைத்திருந்தார். அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நின்று நின்று வந்த அந்தக் குரல்தான் எடுத்தது. அரை மணியில் வருவதாக மாமா சொன்னார்.

ஆறு பேரைப் படித்தாள். ஏழாவதில் கண் நின்றது.

பெயர்: டெஸ்டரின் அக்கா. குறிப்பு: 'தம்பி ஞாயிறு வருவார். மற்ற நாளில் போகவும். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.' கீழே தேதிகள் வரிசையாக இருந்தன. ஐந்து வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. அடுத்த தேதி நாளை.

"அப்புறம்?" என்றார் மாமா.

அவள் எட்டாவது பெயரைப் படித்தாள். ஒன்பதாவதையும் படித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "உங்க அக்கா எப்படி இருக்காங்க மாமா?"

"இருக்கா. இந்தக் கடை ஆளு வாசல் மிதிக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். வேற யாரோ வந்து பாக்கறாங்களாம். கெட்டிக்கார ஆளு, ஒரு நாள் அந்த மெஷின் நின்னதில்ல." தாளை மடித்தார். "உங்கப்பா போனதை அவகிட்ட இன்னும் சொல்லல. ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பக்குவமா சொல்லணும்."

அலமாரியிலிருந்து எட்டு வடிகட்டிகளை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டார். நான்கு மணிக்கு அப்பாவை எடுத்தபோது திரும்பியிருக்கவில்லை. வேண்டியது கிடைத்ததும் ஆள் கம்பி நீட்டிவிட்டான் என்று அம்மா அழுகைக்கு நடுவில் சொன்னாள்.

"அப்பா வேலையாத்தான்மா போயிருக்காரு" என்றாள் மகள்.

மறுநாள் காலை, மாமா கடைக்கு வந்து ஒரு சின்ன பேட்டரியைப் பல்லிடுக்கில் கவ்வியபடி கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முன்னால் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று வெளியே போய்வருவதாகச் சொல்லி மகள் கிளம்பினாள். கைப்பையில் ஒரு வடிகட்டி இருந்தது. பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு, அதை மாற்ற யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமாவின் அக்கா வீட்டு வாசலில் பூந்தொட்டியைச் சாய்த்தாள். சாவி இருந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில், மூக்கில் குழாயோடு அந்த அம்மாள் கண் மூடியிருந்தார். மெஷின் பக்கத்தில் தாளம் தவறாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, பின்மூடியைத் திறந்து, தூசி படிந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். மூடி 'டக்'கென்று பொருந்தியது.

அந்த அம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டீங்களாண்ணே. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவள் சத்தமில்லாமல் அடுக்களைக்குள் போனாள். மேடைமேல் பானை இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நிறைய மொண்டு, நின்றபடியே முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கழுவி, இருந்த இடத்தில் இருந்தபடியே கவிழ்த்தாள்.

கதவைப் பூட்டிச் சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்தாள். தொட்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.