கடைசி நாள் வரைக்கும் பால் ஊத்தினவர்

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்திக் கட்டு, தலைவரு மூஞ்சி எலையில மறையுது" என்று கீழே நின்றவன் சொல்ல, பலாமரத்தில் ஏறியிருந்தவன் பேனரின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

சுகிர்தா தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்று அதைப் பார்த்தாள். மலைச்சாரல் பாற்பண்ணையாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆழ்ந்த அனுதாபங்கள். இடது மூலையில் அடையாள அட்டையிலிருந்து எடுத்த அப்பாவின் படம், தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிது. வலது பக்கம் முழுக்கச் சங்கத் தலைவர் சந்திரகுமார், கை கூப்பிச் சிரித்துக்கொண்டு. தெரியாதவன் பார்த்தால் செத்தது யாரென்று குழம்பித்தான் போவான்.

அப்பா ராஜலிங்கம் நேற்று விடிய மாட்டுப்பட்டியில் பால் கறக்க உட்கார்ந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். கண்டியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் சுகிர்தா, செய்தி கேட்டு குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்துப் பன்விலைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மலர்ச்சாலைக்காரர்கள் சவப்பெட்டியில் வைத்து, வெள்ளைக் கையுறை மாட்டி, வாழ்நாளில் அவர் போட்டிராத டையைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள்.

சந்திரகுமார் காலையிலேயே வேனில் வந்து இறங்கிவிட்டார். கதிரைகள், கூடாரம், விருந்தாளிகளுக்குச் சங்கத்து யோகட் எல்லாம் அவர் கொண்டுவந்தவை. இழவு வீட்டில் யோகட் தின்பார்களா என்று யோசிக்கும் மனிதர் இல்லை அவர். அந்த யோகட்டின் கதையும் ஊருக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால் வங்கியில் கடன் வாங்கி யோகட் மெஷின் இறக்கினார். மெஷின் வந்த பிறகு இங்கே கறக்கிற பாலில் பாதியைத் தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டு, வெளிநாட்டுப் பால்மாவைக் கரைத்து யோகட் போட்டார்கள். கடன் ஏறியது. பால் ஊற்றியவர்களுக்கு நாலு மாதமாகக் காசு இல்லை. இப்போது தலைவரிடம் புதிய திட்டம் ஒன்று இருக்கிறது. பால் குளிரூட்டும் நிலையத்தையும் அது நிற்கும் காணியையும் அடகு வைத்து இன்னொரு கடன் எடுப்பது, அதில் பழைய கடனை அடைப்பது, மிச்சத்தில் ஐஸ்கிரீம் போடுவது. அதற்கு அங்கத்தவர்களின் கையெழுத்து வேண்டும். அந்தக் காணி அவர்களுடைய பங்குக் காசில் வாங்கியது.

"எல்லாரும் ஒரே எடத்துல கூடியிருக்கிற நேரம், திரும்ப லயம் லயமா, வீடு வீடா ஏறி எறங்க வேணாம் பாருங்க" என்று சந்திரகுமார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது. சுகிர்தா அவருக்குத் தட்டை நீட்டாமல் தாண்டிப் போனாள்.

பட்டியில் மாடு கத்திக்கொண்டேயிருந்தது. காலையிலிருந்தே கத்துகிறது. தேவாரம் பாடியவர் இரண்டு தடவை நிறுத்தி அந்தப் பக்கம் பார்த்தார்.

"எசமானத் தேடுது" என்றாள் அத்தை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சுகிர்தா தட்டை வைத்துவிட்டுப் பட்டிக்குப் போனாள். எசமானை எல்லாம் தேடவில்லை. செவலையின் மடி தெறித்துவிடும் போல வீங்கி, காம்புகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். செவலைக்குப் பால் வற்றிவிட்டது, இரண்டு லீட்டருக்கு மேல் தருவதில்லை என்று மூன்று மாதமாக அம்மா போனில் சொல்லிவந்தாள். அப்பாவும் ஊரெல்லாம் அதைத்தான் சொன்னார். சுகிர்தா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து கறந்தாள். வாளி நுரை தட்டி நிறைந்தது. இரண்டாவது வாளியையும் எடுக்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி."

வேலிக்கு அப்பால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி ஒரு நடுத்தர வயது மனிதர் நின்றார். கீழ் ரோட்டில் ஒரு தனியார் கொம்பனியின் பால் லொறி நின்றது.

"நான் மஹ்மூத். நேத்தும் இன்டைக்கும் ஒங்கட அப்பாட கேன காணல்ல. என்னவோ ஏதோண்டு நெனச்சேன், இப்பதான் சாவீட்டு வெள்ளக்கொடிய கண்டேன். நல்ல மனிசன்."

"அப்பா ஒங்களுக்கா பால் குடுத்தாரு?"

"மூணு மாசமாத் தந்தார். அந்தக் கீழ் முடுக்குல, வெளிச்சம் வர முந்தி. வாராவாரம் காசு கைல குடுத்துருவேன், ஒரு பாக்கியும் இல்ல." அவர் தயங்கினார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். இனியும் வரட்டா, வேணாமாண்டு அம்மாட்ட கேட்டுச் சொல்லுங்க."

அவர் போன பிறகும் சுகிர்தா வாளியைப் பார்த்தபடி இருந்தாள். தினம் காலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி அப்பா கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்து வரிசையில் நின்றிருக்கிறார், இரண்டே லீட்டரோடு. மிச்சமெல்லாம் இருட்டோடு இருட்டாகக் கீழ் ரோட்டில் இறங்கியிருக்கிறது. போன மாதம் பக்கத்து லயத்து வின்சன்ட் மாமா சங்கத்தைவிட்டு விலகுகிறேன் என்று நின்றபோது, அவர் வீட்டுக்கே போய், "நம்ம சங்கம்ண்ணே, நாமளே விட்டுட்டா எப்புடி" என்று பேசி மடக்கியவரும் இதே அப்பாதான். இந்தப் பக்கத்து நாற்பது வீடும் அப்பா வாயைப் பார்த்துத்தான் சங்கத்தில் பங்கு போட்டது.

சமையலறையில் அம்மா பேச்சியம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

எதைப் பற்றி என்று அம்மா கேட்கவில்லை. "தெரியும்" என்றாள். "சொல்லிருங்கன்னு நானும் சொன்னேன். சொன்னா அம்புட்டுப் பேரும் வெலகிருவாங்க, சங்கம் விழுந்துரும், நம்ம பங்குக் காசும் அதோட போயிரும்னாரு. கொஞ்சம் தாங்கட்டும், நம்ம காச எடுத்துக்கிட்டுச் சொல்லிக்கலாம்னாரு."

"மத்தவங்க காசு?"

அம்மா முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள். சுகிர்தாவுக்குத் தலைவரை நினைத்து வந்த அதே வெறுப்பு, இப்போது பெட்டியில் டை கட்டிப் படுத்திருப்பவரை நினைத்தும் வந்தது. அது அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதுவும் வரவில்லை.

முன்னறையில் சந்திரகுமார் இரங்கல் உரையைத் தொடங்கியிருந்தார். "ராஜலிங்கம் அண்ணன் கடைசி நாள் வரைக்கும் சங்கத்துக்குப் பால் ஊத்தினவரு. மாடு வத்திப்போயும் ரெண்டு லீட்டர் தூக்கிட்டு வந்து வரிசைல நின்னவரு. நம்ம புதுத் திட்டத்துல அவருக்கு அவ்வளவு நம்பிக்க. அவரு ஆத்மா சாந்தியடையணும்னா அது நம்ம கையெழுத்துலதான் இருக்கு."

பெட்டியின் மூடியை இரண்டு கதிரைகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். சந்திரகுமார் அந்த மூடியின் மேல் ஃபைலை விரித்து, பேனாவைத் திறந்து வைத்தார். எழுத வாகான உயரம் என்று நினைத்திருப்பார். ஏழு பேர் வரிசையாக வந்து குனிந்து போட்டார்கள். எட்டாவதாக வின்சன்ட் பேனாவை எடுத்தார். பங்கு போடுவதற்காகத் தன் தோட்டை விற்ற அவர் மனைவி தெரேசா, வாசலில் நின்ற சுகிர்தாவிடம் திரும்பினாள்.

"ஒங்கப்பா நம்புனாருன்னா நாங்களும் போட்டுர்றோம் புள்ள. அவரு ஒங்கிட்ட ஏதும் சொன்னாரா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டால் போதும். மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள், அப்பா நல்லவராகவே மண்ணுக்குள் போவார். சுகிர்தா பின்பக்கம் போய் இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு வந்து, பெட்டிக்கு முன்னால் வைத்தாள். பால் தளும்பித் தரையில் சிந்தியது.

"செவலைக்குப் பால் வத்தல மாமா" என்றாள் வின்சன்டைப் பார்த்து. "சங்கத்துக்கு ரெண்டு லீட்டருதான். மிச்சத்த மூணு மாசமாக் கீழ் ரோட்டுல கொம்பனி லொறிக்கு ஊத்தியிருக்காரு. அப்பாவுக்குச் சங்கத்துல நம்பிக்க இல்ல. ஒங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான். அவருக்காகன்னு யாரும் போடாதீங்க."

தேவாரம் பாடியவர் புத்தகத்தை மூடினார். அத்தை பல்லைக் கடித்தாள். "பெத்தவன் பொணத்த வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

"தங்கச்சிக்கு மனசு சரியில்ல, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார் சந்திரகுமார். அவர் குரல் பதறவேயில்லை.

வின்சன்ட் பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தார். பிறகு வாளிகளைப் பார்த்தார். பேனாவை மூடி ஃபைலின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். முதலில் கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஒருவர் வந்து, தன் பெயரைத் தேடிக் குறுக்கே கோடு கிழித்தார். தெரேசா மட்டும் போகாமல் நின்றாள்.

"எங்களையும் ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள், பக்கத்து வீட்டு முற்றத்தில் நிற்பவரிடம் குறைப்பட்டுக்கொள்வதைப் போல.

மூன்று மணிக்குத் தூக்கும் நேரம் வந்தது. சுகிர்தாவின் தம்பி திலீபன், தாய்மாமன், சித்தப்பா மகன்கள் இருவர் என நாலு கைதான் சேர்ந்தது. சங்கத்து ஆட்கள் கூடாரத்துக் கதிரைகளில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். திலீபன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் அவனோடு வேலை செய்யும் சஞ்சீவ் ஒரு பக்கம் வந்தான். மறுபக்கம் சந்திரகுமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தன் ஆள் போனில் படம் எடுக்கிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, முன்பிடியைப் பற்றினார். சுகிர்தா தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பெண்கள் ரோட்டு விளிம்பு வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்று பார்த்தார்கள். பெட்டி தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கியது. சங்கத்து ஆட்கள் கடைசியில் எழும்பி, நன்றாக இடைவெளிவிட்டுப் பின்னால் நடந்தார்கள். நடுவில் இருபதடிப் பாதை வெறுமையாகக் கிடந்தது.

மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும் சரிவில் சந்திரகுமாருக்கு ஈரப்புல்லில் கால் வழுக்கியது. அவர் பிடியை விட்டுவிட்டார். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, திலீபன் "புடிங்க" என்று கத்தினான்.

பின்னாலிருந்து வின்சன்ட் ஓடினார். தலைவரைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு, பெட்டிக்கு அடியில் கை கொடுத்து நிமிர்த்தி, முன்பிடியைப் பற்றினார். பெட்டி மறுபடியும் நேராகி இறங்கத் தொடங்கியது. அடுத்த வளைவில் மறையும் வரைக்கும் சுகிர்தாவுக்கு அவரைத் தெரிந்தது. முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, முகத்தை மட்டும் தேயிலைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தார்.