ஐந்து துண்டு ஏரி

இறந்துபோன நூல்காரர் தம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஏரியில் படகோடு காணப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில். ஏரி என்றால் படம்தான். துணியில் அச்சடித்த ஒரே காட்சியை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையாக மாட்டுகிற வகை. இடது ஓரத் துண்டில் நாணலும் ஒரு படித்துறையும், நடுவில் தண்ணீர், வலது ஓரத் துண்டில் பனிமூட்டத்துக்குள் எதிர்க்கரை. அதில் ஆளும் கிடையாது, படகும் கிடையாது. அச்சடித்த கடைக்காரரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் அன்று நூல்காரரின் மனைவி பெருக்க வந்தபோது முதல் துண்டில் படித்துறையை ஒட்டி ஒரு படகு, அதில் துடுப்போடு அவர். கோடு போட்ட சட்டை. பார்வை அவள் மேல். அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான் மறுபடி பார்த்தாள். பால் பொங்கினால் துடைக்கப்போவது அவள்தானே.

நூல்காரர் என்ற பெயர் தொழிலால் வந்தது. புருஷனும் பெண்சாதியுமாக அலுவலகம், ஆஸ்பத்திரி, புதுக்குடித்தனம் என்று போய்ப் படம் மாட்டிக் கொடுப்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். மற்றவர்கள் விரற்கடையில் பேசுகிற இடத்தில் அவர் நூலில் பேசுவார். வீட்டுக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு 'போதும்யா, நல்லாத்தான் இருக்கு' என்ற பிறகும் 'இன்னும் ஒரு நூல்' என்பார். வாய்த்த மனைவியும் அதே ரகம். இல்லாவிட்டால் அந்தக் குடித்தனம் ஒரு மாதம் தாங்கியிருக்காது. வேலையில் அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சுவரை ஒட்டி நின்று துண்டைப் பிடிப்பது அவள், பத்தடி பின்னால் நின்று பார்ப்பது அவர். பிடிக்கிறவளுக்கு மட்டம் தெரியாது, மூக்குக்கு நேரே துணிதான் தெரியும். ரசமட்டத்துக் குமிழியையும் அவர் முழுசாக நம்ப மாட்டார். அதனால் அவர் வாயிலிருந்து 'சரி' என்று வரும்வரை அவள் திரும்பவே கூடாது. திரும்பினால் கை அசையும், அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. கல்யாணமான புதிதில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட புருஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

இதே ஏரியை ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் நடையில் மாட்டும்போதுதான் அவர் செத்தார். நான்கு துண்டு ஏறியாயிற்று. ஐந்தாவதை அவள் தூக்கிப் பிடித்திருந்தாள். 'இடது பக்கம் ஒரு நூல் மேல' என்றார். ஏற்றினாள். அதற்கப்புறம் பேச்சில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஏணியைத் தட்டிவிட்டார் என்று நினைத்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தும் திரும்பவில்லை, வாய்க்குள் திட்டிக்கொண்டே பிடித்திருந்தாள். யாரோ ஓடிவந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சடைப்பு, ஒரு நிமிஷ வேலை என்றார் டாக்டர். அந்த ஒரு நிமிஷமும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோமே என்பதை மட்டும் அவளால் விழுங்கவே முடியவில்லை. அலுவலகத்தார் ராசியில்லாத படம் வேண்டாம் என்று வண்டியில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். யாரையும் கூப்பிடாமல் தானே கூடத்தில் மாட்டினாள். பின்னால் நின்று சொல்ல ஆளில்லாத வேலை எப்படி இருக்கும்? ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும், ஏரி படிக்கட்டு மாதிரி தொங்கியது.

படகில் வந்த நூல்காரர் முதலில் செய்த காரியம் முகம் சுளித்ததுதான். பிறகு உள்ளங்கையை மேல் நோக்கி இரண்டு தடவை ஆட்டினார். இரண்டாம் துண்டு மேலே போகவேண்டும் என்று அர்த்தம். குரல் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? ஏணியைப் போட்டாள். இரண்டு துண்டின் தண்ணீரும் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் வந்ததும், அவர் வந்ததிலிருந்து இடைவெளியில் தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர் நின்றது. படகு மெல்ல நகர்ந்து துண்டின் ஓரத்துக்குப் போய், முன்முனை, அவர், பின்முனை என்று வெறுஞ்சுவருக்குள் மறைந்தது. அந்த இரண்டு விரல் சுவரைக் கடக்க அவருக்கு ஒரு பகல் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது. சாயங்காலம் அவர் அந்தப் பக்கம் வெளிப்பட்டபோது அவள் சிரித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார்கள்.

விஷயம் பரவி ஆட்கள் வந்து பார்த்தார்கள், காபி குடித்தார்கள், சட்டம் என்ன மரம் என்று விசாரித்தார்கள். நூல்காரரின் தங்கை மட்டும் வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வரிசைச் சீட்டு கொடுக்கிற வேலை அவளுக்கு. வாய் வீங்கி வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பேசிப் பழகியவள், ஓயாத வாய். அண்ணனைப் பார்த்ததும் அந்த வாயும் அடைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நாத்தனாரும் அண்ணியுமாகத் தலைகால் புரியாமல் வேலை பார்த்தார்கள். ஐந்தாம் துண்டில்தான் கரை இருக்கிறது, அங்கே இறங்கிக் கூடத்துக்கு வந்துவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. மெத்தையை வெயிலில் போட்டார்கள். சட்டைகளைத் தேய்த்து அடுக்கினார்கள். அவர் செருப்பை ஐந்தாம் துண்டுக்கு நேர் கீழே வைத்தார்கள். மூன்றாம் துண்டு மட்டமாயிற்று, நான்காவதும் ஆயிற்று. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அவர் உருவம் சிறுத்துக்கொண்டே வந்தது. "சோறு தண்ணி இல்லாம இளைச்சுட்டாரு" என்று மனைவி கண் கலங்கினாள். வரட்டும், தேற்றிவிடலாம் என்றாள் நாத்தனார்.

ஊரில் உள்ள படகுப் படம், ஏரிப் படம் எத்தனையோ மனைவியின் கையால் சுவரேறியிருக்கிறது. ஆனால் ஒரு நாளும் அவள் படகில் உட்கார்ந்ததில்லை, அவரும்தான். அதனால் சிலிண்டர் போடுகிறவர் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. அவர் சமையலறையில் குழாயை மாட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இது, கிளம்பிப் போறது?"

"போகலை, வர்றாரு. முகம் இந்தப் பக்கம்தானே இருக்கு."

"துடுப்பு வலிக்கிறவனுக்கு முதுகுதாம்மா முன்னால போகும். முகம் விட்டுட்டுப் போற கரையையே பாத்துக்கிட்டிருக்கும். சின்ன வயசுல வாடகைப் படகுல வேலை பாத்தவன் நான்."

சொல்லிவிட்டுக் காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தன் கையாலேயே, நூல் நூலாக ஏற்றி இறக்கி, அவர் போவதற்கு வழி சமன் செய்து கொடுத்திருக்கிறோம் என்று புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ஏணிகூடப் போடாமல், முக்காலியில் ஏறி, ஐந்தாம் துண்டை ஆணியோடு பிடித்து இழுத்து ஒரு விரற்கடை கீழே தொங்கவிட்டாள். நான்காம் துண்டின் விளிம்பில் படகு முட்டி நின்றது.

அப்படியே வருஷங்கள் போயின. அவர் நான்காம் துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து, காலையில் அவள் கூடத்துக்கு வந்ததும் கையை மேல் நோக்கி ஆட்டுவார். அவள் புரியாதவள் போல் பெருக்கிக்கொண்டு போவாள். தொழிலில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், ஒரு கோணல் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் கீழேயே சாப்பிட்டாள், கீரை ஆய்ந்தாள், தலை சீவினாள். "எங்க போகணும் உங்களுக்கு? அப்படி என்ன அவசரம்?" என்று சில நாள் சண்டை பிடிப்பாள். அவர் பதில் சொல்ல மாட்டார், உயிரோடிருந்தபோதும் சண்டையில் அவர் வாய் திறந்ததில்லை. மழைக்காலத்தில் நான்காம் துண்டில் மழை பெய்து அவர் தொப்பலாக நனைந்தார். சட்டத்தின் மேல் குடையை விரித்துச் செருகிப் பார்த்தாள். மழை உள்ளே பெய்கிறது, குடை வெளியே நிற்கிறது, என்ன பிரயோஜனம்? ஆனாலும் அந்தக் குடையை அவள் எடுக்கவில்லை. அவர் தலை நரைத்தது. அவளுக்கும் நரைத்தது. காலையில் எழுந்ததும் பார்க்க ஒரு முகம் இருந்தது, கொட்டைப் பாக்களவே ஆனாலும். அது போதும் என்று அவள் வெட்கமில்லாமல் இருந்துகொண்டாள்.

முதலில் 'விடாதீங்க அண்ணி' என்று சொன்னவளும் நாத்தனார்தான், கடைசியில் விடச் சொன்னவளும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் பக்கத்தில் போய் நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, அவன் தூக்கின கையை இப்பெல்லாம் கீழ போடறதே இல்ல. இன்னொரு கையால முட்டுக் கொடுத்துப் பிடிச்சிருக்கான்."

தோள்பட்டை கழல ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று மனைவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்துபோய் ஏணியை எடுத்து வந்தாள்.

ஐந்தாம் துண்டைக் கழற்றித் தூக்கிப் பிடித்தாள். மூக்குக்கு நேரே பனிமூட்டம். பின்னால் நாத்தனார் நின்றாள். மட்டம் என்றால் என்னவென்றே தெரியாதவள், ஆகவே அண்ணன் கையைப் பார்த்து அப்படியே சொன்னாள். மேலங்கிறான். இன்னும் கொஞ்சம். இடது பக்கம் மட்டும், ஒரு நூலாம். மனைவி ஏற்றினாள். பிறகு சத்தமில்லை.

"என்ன சொல்றாரு?"

"கையை இறக்கிட்டான் அண்ணி."

"சரின்னாரா?"

"வாய் அசையுது. கேக்கலையே அண்ணி, எனக்குக் கேக்கலையே."

அவள் திரும்பாமல் திருகாணியை முடுக்கினாள். ஒழுங்காக, கடைசிச் சுற்று வரை முடுக்கினாள். இறங்கி வந்து பார்த்தபோது படகு வெறுஞ்சுவருக்குள் போய்விட்டிருந்தது. மறுநாள் ஐந்தாம் துண்டில் எறும்பளவு தெரிந்தது. முகம் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கும், ஆனால் பார்த்துச் சொல்கிற அளவில் இல்லை. "போங்க, போயிட்டு வாங்க" என்றாள், வெளியூர் வேலைக்கு அனுப்புகிறவள் போல. பனி மூடியதும் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அலுவலக நடையில் அழாத அழுகையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். நாத்தனார் தடுக்கவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் படகு திரும்பி வந்தது. அதில் யாரும் இல்லை. ஐந்து துண்டும் மட்டமாக இருந்ததால் வலிக்க ஆள் தேவைப்படவில்லை. காற்றிலேயே மிதந்து, ஒவ்வொரு இடைவெளியாகத் தாண்டி, முதல் துண்டின் படித்துறையில் வந்து ஒதுங்கி நின்றது. துடுப்புகள் பலகைமேல் ஒழுங்காக, ஒன்றுக்கொன்று இணையாக வைக்கப்பட்டிருந்தன. நாத்தனார் பார்த்துவிட்டு முகம் வெளுத்து, அதைத் தள்ளிவிட வழி இல்லையா என்று கேட்டாள். இருக்கட்டும், இப்போது ஒன்றும் அவசரமில்லை என்றாள் மனைவி.

அடுத்த முறை சிலிண்டர் போடுகிறவர் வந்தபோது, துடுப்பு வலிப்பது எப்படி என்று காட்டிவிட்டுப் போகச் சொன்னாள். அவர் ஏன் எதற்கென்று கேட்காமல், கூடத்தில் முக்காலியைப் போட்டு, இரண்டு துடைப்பக் கட்டைகளைக் கொடுத்து, முதுகை ஏரிப் பக்கம் திருப்பி உட்காரவைத்தார். அதுமுதல் பாத்திரம் கழுவி முடித்ததும் அவள் கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்து பழகுகிறாள். நாத்தனார் எதிரே சுவரோரமாக நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இடது கை ஒரு நூல் தாழ்கிறது என்று சொல்கிறாள். அவள் அந்த முகத்தைப் பார்த்தபடியே வலிக்கிறாள்.